நூறு டாலர் தியாகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா நகரில் வசிக்கிறேன். சென்ற மாதம் குடியுரிமை கிடைத்தது. வரும் நவம்பரில் முதன்முறையாக வாக்களிக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில் உள்ள 435 இடங்களில் எங்கள் மாநிலத்துக்கு இரண்டே இடங்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையிலோ 400 பேர். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இவ்வளவு சிறிய மாநிலத்தின் சட்டமன்றத் தேர்தலுக்கு நான் மெனக்கெட வேண்டுமா? ஒன்றை மட்டும் வியக்கிறேன். இவர்களுக்கு ஆண்டுக்கு நூறு டாலர்தான் சம்பளம். நம்மூர் எம்.எல்.ஏ. மாதம் லட்சத்துக்கு மேல் வாங்குகிறார். இந்தத் தியாகம் நம்மவர்களுக்கு எப்போது வரும்? அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் காலேஜ் முறை பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

குடியுரிமை கிடைத்ததற்கு வாழ்த்துகள். எலக்டோரல் காலேஜ் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதை விட்டுவிடுவோம்.

மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வாக்காளராகப் பதிவுசெய்யப் போகும்போது குடிமகன் என்பதற்கான சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் இப்போது பெயரைச் சேர்க்க முடியாது. 2024இல் அந்தச் சட்டத்தை இயற்றியது வாஷிங்டன் அல்ல, ஒருவரையும் தெரியாது என்று நீங்கள் கைவிரிக்கும் அதே சட்டமன்றம். நீங்கள் எண்ணிச் சொல்லும் இரண்டு காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையைப் பிரிக்கும் பொறுப்பும் அதனிடம்தான் இருக்கிறது. 2022இல் அது அனுப்பிய வரைபடத்தை அன்றைய ஆளுநர் சுனுனு ஏற்காததால்தான் மாநில உச்ச நீதிமன்றமே கோடு போட வேண்டியதாயிற்று. 2024இல் அந்த இரண்டு தொகுதிகளிலும் ஜனநாயகக் கட்சி வென்றது, சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடமே இருந்தது. இரண்டைப் பார்த்து நானூறைக் கணிக்க முடியாது.

ஏறக்குறைய பதினான்கு லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் நானூறு உறுப்பினர்கள் என்றால், ஓர் உறுப்பினருக்குச் சுமார் 3,500 பேர். 2022 தேர்தலில் கீழவை குடியரசுக் கட்சிக்கு 201, ஜனநாயகக் கட்சிக்கு 198 என்று பிரிந்து நின்றபோது எஞ்சிய ஓர் இடம், ராச்செஸ்டர் நகரின் நான்காம் வார்டு, இரு கட்சி வேட்பாளர்களுக்கும் தலா 970 வாக்குகள் என்று சமமாக முடிந்து, 2023 பிப்ரவரியில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள். உங்களைப் போன்ற ஒருவர் அன்று சோம்பலாக வீட்டில் இருந்திருப்பார். போதுமா?

ஆனால் உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. ‘தியாகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காக.

இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்கு 200 டாலர் என்பது 1889இல் அம்மாநில அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது. அவைத்தலைவருக்கு ஐம்பது டாலர் கூடுதல். அன்று அது ஒரு மில் தொழிலாளியின் பல மாதக் கூலி. இன்று மாநிலத் தலைநகரான கான்கார்டில் சில வேளைச் சாப்பாட்டுக்கு வரும். பயணப்படி தனியாக உண்டு என்றாலும், ஜனவரி முதல் ஜூன் வரை வார நாட்களில் குழுக்கூட்டத்துக்கும் அவைக்கும் வந்து உட்கார யாரால் முடியும்? ஓய்வூதியம் வருபவரால் முடியும், சொந்தத் தொழில் உள்ளவரால் முடியும், வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பவரால் முடியும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் மருத்துவமனை உதவியாளரால் முடியாது. அவையில் நரைத்த தலைகளே நிறைந்திருப்பதைக் கண்டு நீங்கள் பக்தியோடு கும்பிடுகிறீர்கள். எனக்கோ அங்கே வர முடியாமல் போனவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

எங்கள் ஊரில் பெரியப்பா பல காலம் ஊராட்சி வார்டு உறுப்பினர். 1996இல் அந்த வார்டு மகளிருக்கு ஒதுக்கப்பட்டது. கீழத்தெருவிலிருந்து களையெடுக்கப் போகும் ஒரு பெண் நின்று ஜெயித்தார். முதல் கூட்டத்துக்கு நீலப் புடவை கட்டி, எண்ணெய் பளபளக்கத் தலைவாரி, எங்கள் வீட்டு வாசல் வழியாகவே போனார். கூட்டத்துக்குப் போகும் நாளில் கூலி கிடையாது. இரண்டாம் ஆண்டில் வருவதை நிறுத்திக்கொண்டார், தீர்மான நோட்டு அவர் வீட்டுக்கே கைநாட்டுக்குப் போயிற்று. “அவளுக்குப் பொறுப்பில்லை” என்று பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அவர் கூட்டத்துக்குப் போன நாளிலும் தேங்காய் காய்த்தது. இந்தக் கணக்கு எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அதுவும் உங்கள் ஊரில் வைத்துத்தான் புரிந்தது.

2018 நவம்பரில் நாஷுவாவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் வாக்களிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பள்ளிக்கூட வாசலில், விரல் விறைக்கும் குளிரில், தன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி ஒரு மூதாட்டி நின்றிருந்தார். சட்டமன்ற வேட்பாளரே அவர்தான் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. கொடி இல்லை, கார் இல்லை, தொண்டர் என்று பார்த்தால் குடுவையில் காப்பி கொண்டுவந்த மகள் மட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை என்றார். நானும் உங்களைப் போலவே, சம்பளமில்லாமல் உழைக்கிறீர்களே என்று உருகினேன். அவர் மகளைக் கண்ணால் காட்டி, “நிற்க வேண்டியவள் இவள்தான். என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் இவளுக்கு ஷிஃப்ட் இருக்கிறது” என்றார். மகள் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

நம்மூர் எம்.எல்.ஏ.க்களைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ குறைகள் இருக்கலாம். அவற்றில் பலவற்றை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சம்பளம் வாங்குவதைக் குற்றமென்று சொன்னால், அடுத்த தேர்தலில் தோப்புள்ளவர்கள் மட்டும் வந்து நிற்பதற்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். நியூ ஹாம்ப்ஷயரை நான் பழிக்கவில்லை. எந்த மசோதாவையும் குழுவிலேயே அமுக்கிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் பொது விசாரணை வைத்து, பிறகு அவையில் வாக்கெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. யாரும் போய்ப் பேசலாம். அதை வியந்திருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் வியந்திருப்பேன்.

உங்கள் நகரில் வார்டுக்கு மூன்று உறுப்பினர்கள். நவம்பரில் வாக்குச்சாவடி வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் கொள்கை எதையும் கேட்க வேண்டாம். வார நாளில் கான்கார்டுக்குப் போக உங்களால் எப்படி முடிகிறது என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.