சென்னையில் வீடு: முற்பணத்துக்கு முன்

கேள்வி: என்னிடம் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே உண்டு. சென்னையில் பார்த்த அடுக்குமாடி வீட்டை அங்குள்ள மைத்துனரின் பெயரில் வாங்கலாம் என்கிறார் தரகர். முற்பணம் கொடுக்கலாமா? – வாசகர், நல்லூர்.

பதில்: கொடுக்க வேண்டாம். இலங்கைப் பிரஜை ஒருவர், இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல், 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையைத் தவிர, அங்கே அசையாச் சொத்து எதையும் பெற முடியாது என்று 2019ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் கூறுகின்றன. காசு உங்களுடையது, பத்திரம் மைத்துனருடையது என்றால், அது பினாமிக் கொடுக்கல்வாங்கலாகக் கருதப்பட்டு வீடே பறிமுதலாகலாம். தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். 'பவர்' (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தந்தாலும் உரிமை மாறாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துவிட்டது. அனுமதி கிடைத்தால், இங்கே தோம்பு (காணிப் பதிவேடு) பார்ப்பதுபோல, அங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் (அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) எடுங்கள். பதியாத அடமானம் அதில் தெரியாதாகையால், நிழற்பிரதியோடு நின்றுவிடாமல் மூலப்பத்திரத்தையே கையில் வாங்கிப் பாருங்கள்.