மிஸ்ஸிடம் பேசுவதா, மனு கொடுப்பதா? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை வகுப்பாசிரியை எல்லார் முன்னாலும் ‘மக்கு’ என்கிறாராம். நேராகப் பிரின்சிபாலைப் பார்க்கட்டுமா? புகார் செய்தால் பிள்ளை மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்றும் பயம். (ஈரோடு)

முதலில் வகுப்பாசிரியைதான். நேராக மேலே போனால், ‘கிளாஸ் மிஸ்கிட்ட பேசினீங்களா?’ என்றுதான் முதல் கேள்வி வரும். ஆனால் காலையில் கேட்டில் நிறுத்திப் பேசாதீர்கள். பெற்றோர் கூட்டமும் இதற்குச் சரிவராது. பின்னால் வரிசை நிற்கும், பேச்சு மார்க்கோடு முடிந்துவிடும். ‘தனியாக 15 நிமிடம் பேச வேண்டும், எந்த நாள் வரலாம்?’ என்று மட்டும் டைரியில் எழுதி அனுப்புங்கள். விஷயத்தை டைரியில் எழுத வேண்டாம். பக்கத்து பெஞ்ச் பிள்ளையும் அதைப் படிக்கும்.

போவதற்கு முன் மகளிடம் கேட்கும் விதம் முக்கியம். ‘மிஸ் திட்டினாங்களா?’ என்றால் ‘ஆமா’ என்ற பதில்தான் வரும். ‘கணக்குப் பீரியட்ல என்ன நடந்துச்சு?’ என்று கேட்டு, அவள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியையிடம் ‘ஏன் இப்படிச் சொன்னீங்க?’ என்று தொடங்கினால் அவர் மறுப்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘செவ்வாய்க்கிழமையிலிருந்து ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்குதுன்னு சொல்றா. வகுப்பில் ஏதாவது கவனிச்சீங்களா?’ என்று ஆரம்பித்து, கேள்விப்பட்டதை அதன்பிறகு சொல்லுங்கள். ஒரே ஒரு கோரிக்கை வைத்துவிட்டு எழுந்திருங்கள். பழைய குறைகளை எல்லாம் அன்றைக்கே கொட்டினால் இது அடிபட்டுப் போகும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. என்ன நடந்தது, எந்தத் தேதியில். ஆசிரியையிடம் எப்போது பேசினீர்கள். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். ‘கொடூரமான’, ‘அராஜகமான’ போன்ற அடைமொழிகளை அடித்துவிடுங்கள், கடிதம் தானாகவே வலுவாகும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழிவாங்குவார்களோ என்ற பயத்துக்கும் இந்தக் கடிதமே மருந்து. தேதியிட்ட கடிதத்துக்குப் பிறகு மகளை ஒதுக்கினால், அது எதனால் என்று காட்ட உங்களிடம் தாள் இருக்கும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எதுவும் இருக்காது.

ஸ்கேல் அடியில் மகனின் கை வீங்கிவிட்டது. ‘நல்லதுக்குத்தானே அடிச்சோம்’ என்கிறார்கள். (விழுப்புரம்)

இங்கே ஆசிரியரிடம் முதலில் பேச வேண்டும் என்ற படியைத் தாண்டிவிடலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது. நல்லதுக்கு அடித்தது, கோபத்தில் அடித்தது என்று அதில் வேறுபாடு கிடையாது.

அன்றைக்கே, பிள்ளையின் முகமும் கையும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ‘பள்ளியில் அடித்தார்கள்’ என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். அது தெரிந்தே போங்கள். பிறகு தலைமையாசிரியருக்குக் கடிதம், நகல் கல்வி அலுவலருக்கு. அரசுத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். மெட்ரிக் என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். தவறான அலுவலகத்துக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றும். எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேளுங்கள்.

‘சமாதானமாகிவிட்டோம்’ என்று எழுதித் தரச் சொல்வார்கள். பள்ளி என்ன நடவடிக்கை எடுத்தது என்பதை அவர்கள் எழுத்தில் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்டால் பலம்தானே? (மதுரை)

குடிநீர், பேருந்து போன்ற பொதுப் பிரச்சினைக்குப் பலம்தான். பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவாக அதை மாற்றுங்கள். பேருந்து என்றால் வண்டி எண், தேதி, நேரம் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஆசிரியர் பெயரைப் போட்டுக் குரூப்பில் எழுதுவது வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் அன்று மாலைக்குள் பள்ளிக்குப் போய்விடும். அதன்பின் பேச்சு உங்கள் பிள்ளையைப் பற்றி இருக்காது, உங்கள் மெசேஜைப் பற்றித்தான் இருக்கும்.

பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் டிசி என்கிறார்கள். ஏழாம் வகுப்பு முடித்த மகனை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். (கோவை)

எட்டாம் வகுப்புவரை டிசி இல்லை என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு. ஆகவே முதலில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், டிசி சண்டை பின்னால் நடக்கட்டும். கட்டணம் வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது.

பலர் கோட்டை விடுவது எமிஸ் தளத்தில், அதாவது மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்துவைக்கும் இணையதளத்தில். பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். டிசி கேட்கும் கடிதத்திலேயே ‘எமிஸிலும் விடுவிக்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் மூலமாகவே கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆனால் பாக்கி பாக்கிதான். சட்டப்படி வசூலிக்கும் உரிமை பள்ளிக்கு உண்டு. அவர்கள் கேட்கும் தொகை, 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகைக்குள் இருக்கிறதா என்று ரசீதுகளை வைத்துச் சரிபாருங்கள். அதிகம் என்றால் அது தனிப் புகார், அந்தக் குழுவுக்கு. டிசி கடிதத்தில் அதைக் கலக்காதீர்கள்.

ஆறாம் வகுப்பு மகள், ஓர் ஆசிரியர் தொடுவது சரியில்லை என்கிறாள். ‘உள்ளுக்குள்ளேயே விசாரிக்கிறோம், ஒரு வாரம் பொறுங்கள்’ என்கிறார் பிரின்சிபால். (ஊர் வேண்டாம்)

பொறுக்காதீர்கள். மேலே சொன்ன எந்த வரிசையும் இதற்குக் கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள் அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், இன்றைக்கே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி இப்படி ஒன்று தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை உண்டு. பள்ளியின் உள்விசாரணை காவல்துறைக்குச் சொல்வதற்கு மாற்று ஆகாது.

மகள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒருமுறை எழுதிவையுங்கள். சித்தி, பாட்டி, மாமா என்று ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தடுங்கள். கேட்கக் கேட்கப் பிள்ளையின் சொல் மாறும், வழக்கில் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும். செல்போனில் வீடியோ எடுக்கவும் வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்து பெற வேண்டும். நீங்கள் உடன் இருக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அவள் அடையாளம் தெரியும்படி எதையும் யாரும் வெளியிடக் கூடாது, பெற்றோர் குரூப்பிலும்தான்.

மகனுக்கு டிஸ்லெக்ஸியா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு). பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை கேட்டால், ‘பார்க்கலாம்’ என்றே சொல்கிறார்கள். (திருச்சி)

‘பார்க்கலாம்’ என்றே டிசம்பர் வந்துவிடும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வுத் துறைக்குப் போகும். தனியார் மையத்தின் அறிக்கை மட்டும் போதாது, அரசு மருத்துவரின் சான்று வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே அதை வாங்கிவிடுவது நல்லது. சான்றின் நகலோடு கடிதம் கொடுத்து, எந்தத் தேதியில் அனுப்புவார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு இல்லை. தலைமையாசிரியர் ‘நிதி இல்லை’ என்கிறார். (தர்மபுரி)

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவரோடு மோதுவதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதவைத்து, நகலை ஊராட்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள். அசைவில்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே தீர்மானத்தோடு மனு. பராமரிப்புக்கு வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று அறிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.