லெக்டின் பட்டு நரம்பு உருவானால், காரணம் சர்க்கரையா?

கேள்வி: நான் விலங்கியல் ஆய்வு மாணவி. ஜெனோபஸ் தவளைக் கருவின் புறப்படைத் (வெளி அடுக்கு) துண்டுகளைக் கான்கனவாலின் ஏ என்ற லெக்டின், அதாவது சர்க்கரையைப் பற்றும் புரதம், கலந்த கரைசலில் வைத்தேன். பலவற்றில் நரம்புத் திசு உருவானது. செல்பரப்புச் சர்க்கரையே நரம்பைத் தூண்டுகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் கண்டது பொய் என்பதல்ல. 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நியூட் என்ற வாலுள்ள இருவாழ்வியின் கருக்களில் இதையே கண்டார்கள். ஆனால் இருவாழ்விகளின் புறப்படை எளிதில் ஏமாற்றக்கூடியது. 1940களிலேயே கருவியல் ஆய்வாளர் ஹோல்ட்ஃப்ரெட்டர், அம்பிஸ்டோமா சாலமாண்டரின் புறப்படை அமிலத்தன்மை கூடிய கரைசலில் தூண்டும் பொருள் எதுவும் இன்றியே நரம்பாவதைக் காட்டினார். ஜெனோபஸ் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சில மணி நேரம் வைத்தாலும் அவை நரம்புப் பாதையில் போய்விடும். பிஎம்பி (BMP) எனும் வளர்ச்சிப் புரதங்களின் சமிக்ஞைதான் அந்தச் செல்களைத் தோலாகவே வைத்திருக்கிறது. அது குறைந்தால் நரம்பு. ஆகவே லெக்டின் சர்க்கரையைப் பிடித்ததால் வந்த விளைவா, செல்களுக்கு ஏற்பட்ட பாதிப்பால் வந்ததா என்பதைப் பிரித்தறிவதுதான் உங்கள் முதல் வேலை.

ஜாக் பீன் விதையிலிருந்து கிடைக்கும் இந்த லெக்டின், மேனோஸ், குளுக்கோஸ் அலகுகளைப் பற்றுகிறது. எனவே கரைசலில், லெக்டினின் பிடியை அடைத்துக்கொள்ளும் சர்க்கரையான ஆல்பா-மெத்தில் மேனோசைடைத் தாராளமாகச் சேர்த்து ஒரு தொகுதி வையுங்கள். நரம்பு மறைந்தால், சர்க்கரைப் பிணைப்பு தேவை என்று சொல்லலாம். அதே செறிவில், இந்த லெக்டின் பற்றாத காலக்டோஸ் சேர்த்த தொகுதியும் அவசியம். அதில் விளைவு குறையக் கூடாது. சக்சினைல் என்ற வேதித் தொகுதி ஏற்றிய கான்கனவாலின் அதே சர்க்கரைகளைத்தான் பிடிக்கும், ஆனால் செல்பரப்பு மூலக்கூறுகளைக் கோத்து இணைக்கும் திறன் அதற்குக் குறைவு. அதனுடன் ஒப்பிட்டால் பிணைப்பு மட்டும் போதுமா, கோப்பதும் வேண்டுமா என்பது விளங்கும். லெக்டினே இல்லாத துண்டுகளை அதே உப்புக் கரைசலில், அதே நேரம் வைப்பதையும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வெட்டிய துண்டு சீக்கிரம் சுருண்டுவிடும். அதன் உட்பரப்பு மறைவதற்குள் லெக்டின் அதைத் தொட வேண்டும். தசை முதலியவை உருவாகும் நடுப்படை கலந்திருந்தால் அதுவே நரம்பைத் தூண்டிவிடும் என்பதால், தசை ஆக்டின் மரபணு வெளிப்படவில்லை என்றும் காட்டுங்கள்.

இத்தனையும் தேறினாலும், அந்தச் சர்க்கரை கருவில் இயல்பாக அதே வேலையைச் செய்கிறது என்று ஆகாது. சர்க்கரையின் இயல்பான பங்கைக் காட்டும் வலுவான சான்றுகள் வேறிடத்தில் இருக்கின்றன. எஃப்ஜிஎஃப் (FGF) எனும் வளர்ச்சிப் புரதம் தன் ஏற்பியுடன் உறுதியாக இணைய, ஹெப்பரான் சல்ஃபேட் என்ற செல்பரப்புச் சர்க்கரைச் சங்கிலி துணை செய்கிறது. ஜெனோபஸ் பார்வை நரம்பிழைகளின் பாதையில் அதை நொதியால் அகற்றினால் இழைகளின் வளர்ச்சி மந்தமாகிறது. மிகையாகச் சேர்த்தால் அவை சேர வேண்டிய டெக்டம் என்ற மூளைப் பகுதியை விட்டு விலகிப் போகின்றன. அகற்றியும் சேர்த்தும் பார்த்த அந்த அமைப்பையே உங்கள் அடுத்த சோதனைக்கு மாதிரியாகக் கொள்ளுங்கள்.