தோணியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

ஓட்டமாவடித் தம்பி: மட்டக்களப்பு வாவியில் நாங்கள் வலிப்பதும் தோணி, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலிருந்து கடல் கடந்ததும் தோணியாம். எது அண்ணன் சரி?

இரண்டும் சரி தம்பி. அந்தப் பெயருக்கு அளவு கிடையாது. ஒரே மரத்தை வாய்ச்சி என்ற செதுக்கும் கருவியால் குடைந்து, சவள் என்ற துடுப்புப் போட்டு வலித்தாலும் தோணி. பலகை வைத்துக் கட்டி, பாய்மரம் நிறுத்திச் சரக்கேற்றினாலும் தோணி. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டிப்போனவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள்தான்.

கல்முனையிலிருந்து: பெயர் எப்படி வந்தது? சமஸ்கிருதம் என்கிறார்களே?

அங்கே 'த்ரோணி' இருக்கிறது. மரத்தொட்டி என்று பொருள். இங்கே 'தோண்டு', 'தொள்ளை' (துளை) என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் தமிழ்ப் பக்கம். தோணி செய்யும் ஓடாவி மரத்தின் வயிற்றைத் தோண்டி எடுப்பதைப் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் எதற்கு? சொல்லும் பழையது: புறநானூறு 299இல் பொன்முடியார், உழுந்துச் சக்கை தின்ற சீறூர் மன்னன் குதிரை எதிரிப் படையைப் பிளந்து போவதை, கடலைக் கிழிக்கும் தோணிக்கு ஒப்பிடுகிறார். பட்டினிக் குதிரைக்கு என்ன மரியாதை பாருங்கள்!

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி: மாலைதீவிலும் 'தோனி' உண்டே அண்ணா?

அதே சொல்தான். அங்கே இப்போது இயந்திரம் பூட்டி ஓடுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

திருக்கோவிலிலிருந்து: அப்போ சுக்கானும் நங்கூரமும் தமிழா?

இல்லை. சுக்கான் அரபு, நங்கூரம் பாரசீகம். கடல் தொழிலில் கலப்பில்லாத பாஷை எது?

வாழைச்சேனையிலிருந்து: ஆங்கிலத்தில் கட்டமரான் என்பது நம்முடைய கட்டுமரம்தானே?

பெயர் நம்முடையது, உரு வேறு. அவர்கள் சொல்வது இரண்டு உடல் கொண்ட படகு. நம்முடையது மரங்களைக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களை எழுதியிருக்கிறார்.

மண்டூரிலிருந்து: 'கள்ளத்தோணி' என்று திட்டுவது?

இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவர்கள் என்று சொல்லி, மலையகத் தமிழர் மேல் ஒட்டிய வசவு. தோட்டத்துக்குக் கூலியாகக் கூட்டி வந்ததே வெள்ளைக்காரன். அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை.

மட்டக்களப்பு டவுனிலிருந்து: தோணியில் போனால் நம் வாவியின் பாடும் மீன் சத்தம் கேட்குமா?

சவளின் ஒரு முனையை வாவித் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் ஒட்டி வையுங்கள். நிலவு நாளாகப் பாருங்கள். முக்கியமாக, பக்கத்தில் மோட்டார் போட் ஓடக்கூடாது.