இதெல்லாம் வெறும் பழைய ஞாபகமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பள்ளி நாட்களிலிருந்து ஹெவி ராக்கும் வீடியோ கேமும்தான் என் உலகம். பிடித்தவற்றை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். ஆல்பங்களில் ஜூடாஸ் ப்ரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' முதலிடம். அப்புறம் மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', பிளாக் சப்பாத்தின் 'பாரனாய்ட்'. கேம்களில் 'குவேக்', 'டூம்', 'ப்ரூட்டல் லெஜண்ட்'. என் அக்கா மகனுக்கு 19 வயது, அவனும் இதே பைத்தியம்தான். பட்டியலைக் காட்டினேன். "மாமா, இதெல்லாம் நல்லா இருக்குன்னு உங்களுக்குப் பிடிக்கல. உங்க சின்ன வயசு இதுக்குள்ள இருக்கு, அதான்" என்று சிரித்தான். கோபத்தில், "உங்க வயசுப் பசங்களுக்கு ஒரு ஆல்பத்தை உட்கார்ந்து கேட்கவே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் 'மெட்டல்: ஹெல்சிங்கர்' விளையாட அவன்தான் கூப்பிட்டான். நான் போகவில்லை. இப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் சொன்னது உண்மையா? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் கேம் பட்டியலைப் பொறுத்தவரை உங்கள் அக்கா மகன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆல்பம் பட்டியல் விஷயத்தில் அவன் சொன்னது தவறு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி நீட்டியதால் அவனும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

ஒன்று கேட்கிறேன். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை எப்போது கேட்டீர்கள்? போன வாரம் கேட்டேன் என்று நீங்கள் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எட்டுப் பாட்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. சரி, 'குவேக்' முழுவதையும் கடைசியாக எப்போது விளையாடி முடித்தீர்கள்? யோசிக்க வேண்டியிருக்கிறது, இல்லையா? ஆல்பத்தை நாம் நூறு தடவை கேட்கிறோம். 16 வயதில் பிடித்தது, 25-ல் சலித்தது, 30-ல் வேறு மாதிரி கேட்டது என்று கருத்து தன்னைத்தானே திருத்திக்கொண்டே வருகிறது. கேம் அப்படி இல்லை. பெரும்பாலானவற்றை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் முடிக்கிறோம். அதற்கப்புறம் இருபது வருடம் அதைப் பற்றிப் பேசுவது ஞாபகத்தை வைத்துத்தான். அந்தக் கருத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள் இல்லை, அன்றைக்கு விளையாடிய பையன்.

'குவேக்' இதற்குச் சரியான உதாரணம். 1996-ல் வந்த அந்த கேமுக்கு இசை செய்தது நைன் இன்ச் நெய்ல்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர். ஆணி சுடும் துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டிகளில் அந்த இசைக்குழுவின் முத்திரையே இருக்கும். ஆனால் அந்த இசை கேமின் கோப்புகளுக்குள் இருக்கவில்லை, சிடியில் தனி ஆடியோ டிராக்குகளாக இருந்தது. டிரைவில் சிடி இல்லாமல் ஓட்டினால் இசையே வராது. நண்பனிடமிருந்து காப்பி பண்ணி விளையாடியவர்கள் பலர் வெறும் உறுமலும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டே அதை முடித்தார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கும் அந்த மௌனம்தான் பயமாக இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். நீங்கள் இரண்டில் எந்தக் கூட்டம் என்று முதலில் உங்களுக்காவது தெரிய வேண்டும்.

'டூம்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1993 டிசம்பரில் வந்தபோது பாபி பிரின்ஸ் செய்த இசை பதிவு செய்த ஒலியாக வரவில்லை, மிடி குறிப்புகளாகத்தான் வந்தது. ஒவ்வொரு கணினியிலும் இருந்த சவுண்ட் கார்டு அதைத் தன் வசதிக்கு வாசித்தது. ஒரு வீட்டில் கிடார் மாதிரி கேட்டது, இன்னொரு வீட்டில் குளவி டப்பாவில் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது. 1997-ல் மூல நிரலை வெளியிட்டார்கள். அதிலிருந்து ரசிகர்கள் உருவாக்கிய வடிவங்களில் மவுஸால் மேலும் கீழும் பார்க்கலாம், படம் பளிச்சென்று இருக்கும். நீங்கள் ரசித்த 'டூம்' ஒன்று, உங்கள் அக்கா மகன் டவுன்லோடு செய்து பார்த்த 'டூம்' வேறொன்று. இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு வெவ்வேறு பொருளைப் பற்றிச் சண்டை போட்டிருக்கலாம்.

ஆனாலும் 'டூம்' உங்கள் பட்டியலில் தாக்குப்பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதல் அத்தியாயத்தில் ரகசிய லெவலையும் சேர்த்து ஒன்பது லெவல்தான். அன்றைக்கே அதை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம் என்பதால், ஆல்பத்தைத் திரும்பக் கேட்பதுபோல இதையும் திரும்ப விளையாடிப் பார்த்துவிடலாம். கதவு திறந்ததும் எதிரே மூன்று பேர், பக்கவாட்டில் ஒருவன், கையில் இருப்பது ஷாட்கன். அந்தக் கணக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை.

'ப்ரூட்டல் லெஜண்ட்' பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2009-ல் வந்தது, அப்போது நீங்கள் சின்னப் பையனும் இல்லை. அதனால் இதில் உங்கள் அக்கா மகனின் வாதம் எடுபடாது. ஆனால் வேறு ஒரு மயக்கம் இருக்கிறது. டிம் ஷேஃபர் என்ற ஹெவி மெட்டல் இசைப் பைத்தியம் தன்னைப் போன்ற பைத்தியங்களுக்காகச் செய்த கேம் அது. கதாநாயகன் எடி ரிக்ஸின் பெயரே அயர்ன் மெய்டன் இசைக்குழுவின் சின்னமான எடியையும், அந்த உருவத்தை வரைந்த டெரிக் ரிக்ஸையும் சேர்த்து வைத்தது. லெம்மி, ராப் ஹால்ஃபோர்ட், ஆஸி ஆஸ்போர்ன் எல்லோரும் குரல் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு மேல் பாட்டு. கோடரியும் கிடாருமாகக் காரில் ஏறி, ஹெவி மெட்டல் ஆல்பத்தின் அட்டைப்படம் மாதிரி இருக்கும் நிலத்தில் ஓட்டிக்கொண்டே போகலாம். இதெல்லாம் அருமை. ஆனால் கேமாக? கொஞ்ச நேரத்திலேயே அது மேடைக்கு முன்னால் படை திரட்டும் வியூக விளையாட்டாக மாறிவிடும். டெமோவில் அந்தப் பக்கத்தைக் காட்டவே இல்லை என்று அப்போது பலர் பல்லைக் கடித்தார்கள். அந்தச் சண்டைகள் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததா, இல்லை சண்டை முடிந்தால் மறுபடி காரில் ஏறிப் பாட்டுக் கேட்கலாம் என்று சகித்துக்கொண்டீர்களா? எனக்கு அது நான் பார்த்ததிலேயே மிக அழகான மெட்டல் ரேடியோ. பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என்ன காரணத்துக்காக வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இப்போது ஆல்பங்கள். 'பாரனாய்ட்' 1970-ல் வந்தது, நீங்கள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பு. அதில் உங்கள் சின்ன வயது எப்படி இருக்கும்? முதன்முதலாகக் கேட்ட வயதைத்தான் சொன்னேன் என்று உங்கள் அக்கா மகன் மடக்குவான். மடக்கட்டும். ஆனால் பிளாக் சப்பாத்தின் கிடார் கலைஞர் டோனி அயாமியின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) நம் ஞாபகத்தின் தயவில் நிற்கவில்லை. 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடது கை வாசிப்பாளர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். விரலுக்கும் சுலபம், ஒலியும் கனத்தது. இன்றைக்கு உங்கள் அக்கா மகன் கேட்கும் மெட்டலில் பாதிக்கு மேல் சுருதி இறக்கிய கிடார்தான். 2016-ல் வந்த 'டூம்' கேமுக்கு இசை செய்த மிக் கார்டன் ஒன்பது தந்தி கிடார் வரை போனார். கிடாரே வேண்டாம், மெட்டல் வேண்டாம் என்றுதான் ஆரம்பத்தில் அவரிடம் சொன்னார்களாம்! கடைசியில் என்ன வந்தது என்று உங்கள் இருவருக்குமே தெரியும்.

'பாரனாய்ட்' பற்றி ஒரு வார்த்தை. தலைப்புப் பாட்டு இடம் நிரப்பக் கடைசி நேரத்தில் எழுதியது, அதை வைத்து உங்கள் அக்கா மகனைக் கவர முயலாதீர்கள். 'பிளானட் கேரவன்' போடுங்கள். கனமான ஆல்பத்தின் நடுவே அப்படி ஒரு மிதக்கும் பாட்டை வைக்கத் துணிந்ததால்தான் அடுத்து வரும் 'அயர்ன் மேன்' அவ்வளவு பாரமாக விழுகிறது. பிளேலிஸ்டில் பாட்டு பாட்டாகப் பிய்த்துக் கேட்டால் கிடைக்காதது இதுதான். முழு ஆல்பம் கேட்பது ஒழுக்கம் என்று நீங்கள் உபதேசம் செய்ததைவிட இந்த ஒரு இடம் நன்றாக வேலை செய்யும்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பற்றி வாதாடவே தேவையில்லை. 1986-ல் வந்த அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 2022-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்த பிறகுதான் முதல்முறையாக பில்போர்டின் முதல் 100 பாட்டுகளுக்குள் நுழைந்தது. நுழைய வைத்தவர்களில் நிறையப் பேர் உங்கள் அக்கா மகனின் வயதுக்காரர்கள். அவர்களுக்கு அதில் என்ன பழைய ஞாபகம்? மூன்றரை நிமிடத்தில் வேகமெல்லாம் அடங்கி, இரண்டு கிடாரும் ஒன்றாகப் பாடத் தொடங்கும் இடம் எந்த வயதுக்காரரையும் உட்கார வைக்கும். அதே ஆல்பத்தின் 'ஓரியன்' அதைவிடப் பெரிய விஷயம் என்பேன். சில மாதங்களில் சாலை விபத்தில் இறந்துபோன கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிடாருக்காகவே கேட்க வேண்டியது.

'பிரிட்டிஷ் ஸ்டீல்' முதலிடம் என்பதில்தான் எனக்கு உங்களோடு சண்டை. 1980-ன் முக்கியமான ஆல்பம்தான். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்புப் படை நடக்கும் சத்தத்துக்காகக் கரண்டி, கத்தி வைத்த தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்கள் என்பதை நினைத்தாலே சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். ஆனால் 'யுனைடெட்' மைதானத்தில் கூட்டமாகக் கத்துவதற்காகச் செய்த பாட்டு, வீட்டில் கேட்டால் காற்றுப் போன பலூன். இதே குழு பத்து வருடம் கழித்து 'பெயின்கில்லர்' என்ற ஒன்றைச் செய்திருக்கும்போது இது எப்படி முதலிடம்? இங்கே மட்டும் உங்கள் அக்கா மகன் சொன்னது ஆல்பத்துக்கும் பொருந்துமோ என்று எனக்குச் சந்தேகம். முதலில் வாங்கிய ஆல்பமாக இருந்தால் நேராகவே சொல்லிவிடுங்கள், அதுவும் ஒரு காரணம்தான்.

அப்புறம், நீங்கள் அவனைச் சொன்னது. உட்கார்ந்து கேட்கத் தெரியாது என்றீர்களே, அது அநியாயம். 2008-ல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றி மிக்ஸ் செய்ததில் சிடியில் டிரம்ஸ் கரகரவென்று உடைந்து கேட்டது. அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' கேமுக்குத் தனித்தனி வாத்தியங்களாகப் போயிருந்ததால் அந்த நசுக்கலுக்குத் தப்பி, சுத்தமாக இருந்தன. இதைக் கண்டுபிடித்தவர்கள் பிளாஸ்டிக் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்த ரசிகர்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். கேம் விளையாடுகிறவனுக்குக் காது இல்லை என்று அதற்கப்புறமும் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சும் தொடங்கும்.

இனி செய்ய வேண்டியது. முழுப் பட்டியலை நீட்டாதீர்கள். அவனிடம் 'ரெய்ன் இன் பிளட்' மட்டும் கொடுங்கள். பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். கேசட்டில் வந்தபோது இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் போட்டிருந்தார்கள், அவ்வளவு சின்னது. கேட்கப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாத நீளம். கேட்ட பிறகு "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "எந்த இடம்?" என்று கேளுங்கள். நிமிடக் கணக்கோடு பதில் வந்தால் அவன் கேட்டிருக்கிறான். பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், அதற்கு நீங்கள் பதில் சொல்லலாம். பொதுவாக "சூப்பர்", "மொக்கை" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் அவனோடு 'மெட்டல்: ஹெல்சிங்கர்' விளையாடுங்கள். 2022-ல் வந்தது, தாளத்துக்குச் சுட வேண்டும். தப்பினால் இசை மெலிந்துவிடும், விடாமல் அடித்தால் ஒவ்வொரு அடுக்காக ஏறி, உச்சத்தில்தான் பாடகரின் குரல் வரும். செர்ஜ் டாங்கியன், மேட் ஹீஃபி போன்ற பெரிய குரல்கள் பாடியிருக்கிறார்கள். இத்தனை வருடம் ஸ்லேயர் கேட்ட உங்களுக்கு முதல் லெவலிலேயே குரல் வர வேண்டும், வராவிட்டால் அவன் சிரிப்பான், தாங்கிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் எதிரிகள் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்பது என் புகார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், சில மணி நேரம்தான். அதற்குப் பதிலாக அவன் 'குவேக்' விளையாட ஒப்புக்கொண்டால் 2021-ல் வந்த புதிய வடிவத்தை எடுத்துக் கொடுங்கள். அதில் ரெஸ்னரின் இசை கூடவே வருகிறது, சிடி தேட வேண்டாம்.