புல் உயர்ந்து அடர்ந்த இடத்தில் எலி அதிகம். அப்படியானால் ஆந்தைக்கு அங்கேதானே வேட்டை நன்றாகக் கிடைக்கும்?

எலி அதிகம் என்பது சரி. ஆனால் அங்கே எத்தனை எலி இருந்தாலும், காலுக்குச் சிக்குவதுதான் ஆந்தைக்கு வயிற்றுக்கு ஆகும்.

எங்கள் மேட்டாங்காடு வாழப்பாடி பக்கம், ஒரு கரட்டடியில் இருக்கிறது. மரவள்ளி இலை மூடி நிற்கும் மாதங்களில் உள்ளே எலி கிழங்கைக் குடைந்து தள்ளும். கூகை (வெளிறிய முகமுள்ள ஓர் ஆந்தை) அதற்குள் இறங்காது, வரப்போரமாகவே தாழப் பறந்து போகும். பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கிக் கொடியை அள்ளிவிட்டால் போதும், பொழுது சாய்ந்ததும் மோட்டார் கொட்டகைக் கூரைமேல் வந்து உட்கார்ந்துவிடும்.

இத்தனைக்கும் எலி எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். கூகையின் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை, இடது சற்று மேலே. அதனால் சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்றுகூடப் பிரித்துவிடும். அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், சருகு பரப்பிய இருட்டறையில் காதை மட்டும் நம்பிக் கூகை எலியை அடித்தது. எலிக்குப் பதில் ஒரு காகிதச் சுருளை நூலில் கட்டி இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்ததாம்!

சிக்கல் கடைசி ஒரு முழத்தில்தான். காலை நீட்டி விழும்போது தண்டும் தாளும் குறுக்கே வந்து நகத்தைத் தடுக்கும். அதற்குள் எலி ஒரு தாவு தாவி வளைக்குள் போய்விடும். மழை நனைத்த புல் இன்னும் மோசம், சலசலப்பே கேட்காது. புல்வெளிக் கூகைக்குக் கால் நீளம் என்பதால் உயரமான புல்லில் கொஞ்சம் சமாளிக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் வழித்துச் சுத்தம் செய்தால் எலியே தங்காது, ஆந்தையும் வராது. (விவசாயிக்கு அது சந்தோஷம்தான், வரப்பு மண் அரிக்கும் வரை.) ஓரத்தில் புல், பக்கத்தில் வெட்டவெளி என்று இரண்டும் உரசுகிற இடம்தான் கூகைக்குத் தோது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் வேறு கதை. சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும் நெருங்கி நிற்பதால், தாழப் பறந்து தேடுகிற கூகையைவிடக் கிளையில் காத்திருந்து பாயும் ஆந்தைக்குத்தான் அது வசதி.

எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று டி வடிவக் குச்சி நடுபவர்கள், பயிர் மூடுவதற்கு முன்பே நடுங்கள். கூடவே எலி மருந்து வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். இலை மூடிய மரவள்ளிக்குள் குச்சி நட்டால் பகலில் கரிச்சான் உட்காரும், அவ்வளவுதான்.