காண்டாக்ஸ் ஜி2: முகம் மங்கல், பின்னால் இருக்கும் சுவர் மட்டும் துல்லியம்

காண்டாக்ஸ் ஜி2 ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமராவில் 90 மி.மீ. லென்ஸோடு எடுத்த முதல் ரோலில் பாதிப் படங்களில் முகம் மங்கலாக, பின்னாலிருக்கும் சுவர் துல்லியமாக வந்திருக்கிறது, வ்யூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது என்கிறீர்கள். சிக்கலே அந்தத் தெளிவுதான். எஸ்எல்ஆர் கேமரா மாதிரி நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்க்கவில்லை. தனிக் கண்ணாடி ஜன்னல் அது, ஃபோகஸ் எங்கே இருந்தாலும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்.

அதனால் கண்ணை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். பட்டனைப் பாதி அழுத்தியதும் காட்டும் தூரத்தைப் பாருங்கள். ஆள் இரண்டு மீட்டரில் நிற்க, அது ஐந்து என்று காட்டினால் கேமரா சுவரைப் பிடித்துவிட்டது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

நடுவிலுள்ள ஃபோகஸ் குறி கண் மேலேயோ சட்டைக் காலர் ஓரத்திலோ விழட்டும். பாதி அழுத்தத்தை விடாமல் பிறகு ஃப்ரேமைத் திருப்புங்கள். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நடுவில் உள்ள இடைவெளிதான் குறியில் விழும். எனக்கு ஒரு கல்யாண ரோலே அப்படிப் போனது.

பழகும்வரை லென்ஸ் துளையைக் குறுக்கி எஃப்/5.6-ல் எடுங்கள். துளை முழுதும் திறந்த எஃப்/2.8-ல் 90 மி.மீ. லென்ஸ் துளிப் பிழையையும் மன்னிக்காது.